கைதட்டலும் கையுறையும்: 2020 ஊரடங்கில் தூய்மைப் பணியாளருக்குப் போய்ச் சேர்ந்த நன்றி

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணிக்கு நாடு முழுக்க மொட்டைமாடியிலும் பால்கனியிலும் வாசலிலும் நின்று மக்கள் கை தட்டினார்கள். தட்டு, மணி, கரண்டி என்று கையில் கிடைத்ததை எடுத்து ஒலி எழுப்பினார்கள். 'மக்கள் ஊரடங்கு' என்று அறிவிக்கப்பட்ட அந்த நாளில், நமக்காக வெளியே நிற்கிறவர்களுக்கு நன்றி சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கும்படி பிரதமர் கேட்டிருந்தார். மறுநாள் விடிகாலை சென்னையின் வார்டு அலுவலகங்களில் வழக்கம்போல மஸ்டர் (வருகைப் பதிவு) எடுத்தார்கள். பெயர் கொடுத்துவிட்டுத் துடைப்பமும் வண்டியுமாகப் பணியாளர்கள் தெருவுக்குள் போனார்கள். முந்தின நாள் மாலை எழுந்த அந்த ஒலிக்குப் பிறகு அவர்கள் கைக்கு என்ன வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

கை தட்டியவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. குப்பை வண்டி எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குகிற சமூகம், அந்த வண்டியைத் தள்ளுகிறவருக்காக ஐந்து நிமிடம் வெளியே வந்து நின்றது நல்ல காரியம். ஆனால் நன்றி, அதைச் சொன்னவரின் மனநிறைவோடு முடிந்துவிடக் கூடாது. அது வாசலில் வைக்கும் பையாகவும், கைக்குப் பொருந்தும் உறையாகவும், பட்டியலில் ஏறிய பெயராகவும் மாறினால்தான் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள முடியும். எங்கே அப்படிச் சேர்ந்தது, எங்கே பாதி வழியில் நின்றது, ஏன் நின்றது என்று ஒவ்வொரு பொருளாகவும் ஒவ்வொரு தாளாகவும் பார்க்கலாம்.

ஒரே வண்டி, மூன்று வகை ஆட்கள்

அன்றைய சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். தெருப் பெருக்குவதும் வீடு வீடாகக் குப்பை வாங்குவதும் பார்வைக்கு ஒரே வேலை. செய்கிறவர்கள் மூன்று வகை: மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர்; தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் எனும் என்.யூ.எல்.எம். திட்டத்தில் சுய உதவிக் குழு வழியாக வந்த தற்காலிகப் பணியாளர்; ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒரே தெருவில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்குப் பணிப்பதிவேடு இருக்கும், மற்றவருக்கு மஸ்டர் தாளில் ஒரு பெயர் மட்டும் இருக்கும். பால்கனியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. நெருக்கடியில் நன்மை எதுவும் இறங்கி வரும்போது அது முதலில் மோதுவது இந்த வேறுபாட்டில்தான்.

அதே 2020-ல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாற்றம் வெறும் சொல்தானே என்று தள்ளிவிட முடியாது. "குப்பை வந்திருக்கு" என்று ஆளையே குப்பையாகச் சொல்லும் வீடுகள் இருக்கும்வரை பெயருக்கு வேலை உண்டு. ஆனால் பெயர் அடையாள அட்டையில் ஏறியதா, கூப்பிடுகிற வாயில் ஏறியதா என்பது அடுத்த கேள்வி.

அந்த வாரங்களில் நன்றியின் காட்சிகள் நிறைய வந்தன. மார்ச் 31 அன்று பஞ்சாபின் நாபா நகரில் வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் மீது மாடிகளிலிருந்து பூத்தூவினார்கள். சிலர் ரூபாய் நோட்டு மாலை போட்டார்கள். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. பிரிட்டனில் மார்ச் 26 தொடங்கி மே 28 வரை பத்து வாரம், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு, மருத்துவ ஊழியர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் வாசலில் நின்று கை தட்டினார்கள்.

அந்தப் பத்து வாரத்துக்கு நடுவில், மே 11 அன்று, பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு கணக்கை வெளியிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏப்ரல் 20 வரை பதிவான கொரோனா மரணங்களைத் தொழில்வாரியாகப் பிரித்திருந்தார்கள். ஆண்களில் லட்சம் பேருக்குக் காவலாளிகள் 45.7, டாக்சி ஓட்டுநர்கள் 36.4, பஸ் ஓட்டுநர்கள் 26.4. அந்தத் தேதிவரையிலான கணக்கில், மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட சுகாதாரப் பணியாளரின் விகிதம் அதே வயதுப் பொதுமக்களைவிடக் கூடுதலாக இல்லை. முதியோர் பராமரிப்பில் இருந்தவர்களின் விகிதம் உயர்ந்திருந்தது. மருத்துவருக்குச் சொன்ன நன்றி தவறென்று இதற்குப் பொருள் இல்லை. கைதட்டல் போன மருத்துவமனைத் திசையில் ஓரளவு கவச உடையும் பயிற்சியும் போயிருந்தன. வாயிற்காவலரும் ஓட்டுநரும் நின்ற பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரில் அந்தப் பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர் குப்பை வாங்க வந்தவர்.

வாசலில் வைக்கும் பை

ஒரு கறுப்புப் பாலித்தீன் பை. வாய் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அடியில் சோற்றுத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மேலே காய்கறித் தோல், குழந்தையின் டயாபர், பயன்படுத்திய முகக்கவசம் ஒன்று, உடைந்த பல்பு, சவரப் பிளேடு, சர்க்கரைக்குப் போட்ட இன்சுலின் ஊசி. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை பையைக் கட்டி வாசலில் வைத்ததோடு வேலை முடிந்தது. பணியாளருக்கு அங்கேதான் தொடங்குகிறது. மக்கும் குப்பை பச்சைத் தொட்டிக்கும் மக்காதது நீலத் தொட்டிக்கும் போக வேண்டும் என்பதால் அவர் பையைத் திறந்தாக வேண்டும். ரப்பர் உறை போட்ட விரலால் இரட்டை முடிச்சு அவிழாது. ஒன்று, உறையைக் கழற்றி நகத்தால் அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் இரு கையாலும் பையைக் கிழிக்க வேண்டும். கழற்றினால் கவசம் போயிற்று. கிழித்தால் பிளேடும் ஊசியும் எங்கே இருக்கின்றன என்று தெரியாது, சோற்றுத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். ஒரு முடிச்சு ஒரு கையுறையைத் தோற்கடித்துவிடுகிறது. ஒரு தெருவில் அறுபது வீடு என்றால் அறுபது முடிச்சு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சிலேயே கொரோனாக் கழிவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்தியது. சாதாரண வீடுகளுக்கு அதில் சொன்னது: பயன்படுத்திய முகக்கவசத்தையும் கையுறையையும் தாள் பையில் போட்டுக் குறைந்தது 72 மணி நேரம் தனியே வைத்து, பிறகு வெட்டி, உலர் குப்பையோடு கொடுக்க வேண்டும். வெட்டச் சொன்னதற்குக் காரணம், யாராவது எடுத்துத் துவைத்து மறுபடி விற்றுவிடக் கூடாது என்பது. 72 மணி நேரம் என்றால் மூன்று நாள்; வீட்டில் ஒரு தாள் பையும் அதன்மேல் தேதியும் இருந்தால் முடிகிற காரியம். ஆனால் இந்தச் செய்தி வீடுகளுக்குப் போன வேகத்தைவிட முகக்கவசம் குப்பைக்குப் போன வேகம் பல மடங்கு அதிகம்.

தொற்று உள்ள வீடுகளுக்கு விதி வேறு. நோயாளியின் முகக்கவசம், துடைத்த தாள் போன்றவை மஞ்சள் பையில், உயிரி மருத்துவக் கழிவாகப் போக வேண்டும். அவற்றை எரிக்கிற உலைக்கு 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வைத்த அளவு: முதல் அறையில் 800 டிகிரி செல்சியஸ், இரண்டாம் அறையில் 1050 டிகிரி, இரண்டிலும் 50 டிகிரி ஏற்ற இறக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரக் குப்பையும் தண்ணீர் பாட்டிலும் பழத்தோலும் சேர்ந்து வந்தால் இந்தச் சூட்டை நிலையாகப் பிடிப்பது கடினம், உலையின் கொள்ளளவும் வீணாகும். அதனால்தான் பின்னர் வந்த திருத்தங்கள், தொற்று படாத மேலுறை, பழத்தோல், காலி பாட்டில் போன்றவற்றைப் பொதுக் குப்பையாகத் தனியே கொடுக்கச் சொல்லின.

மஞ்சள் பை ஏற்பாடு பழுதாகிற இடங்கள் இரண்டு. ஒன்று, வண்டி வரும் நாள். தனி வண்டி எந்தக் கிழமை வரும் என்று சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பை நாறும். சித்திரை வெயிலில் நாலாம் நாள்வரை யாரும் பொறுக்க மாட்டார்கள், அது தெருமுனைத் தொட்டிக்குப் போய்விடும். இரண்டாவது, கதவில் ஒட்டிய ஸ்டிக்கர். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஊருக்கே சொல்லும் அந்த அறிவிப்பைக் கண்டு அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தினால், அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் அதை மறைப்பார். மறைத்தவர் வீட்டுக் கழிவு சாதாரணக் கறுப்புப் பையில்தான் வரும். இப்படி ஒட்டும் வழக்கத்தை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. கௌரவக் குறைவுக்குப் பயந்து ஒரு வீடு மறைத்ததற்கு விலை கொடுத்தது அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வெறும் விரல்.

பையை எப்படி வைப்பது? முடிச்சுப் போடாமல் வாயை இரண்டு மடிப்பு மடித்து வைத்தால் போதும். அதைவிட நல்லது, மூடி போட்ட வாளியில் போட்டு, வண்டி வரும்போது வீட்டுக்காரரே தொட்டியில் கவிழ்ப்பது. அப்போது பணியாளரின் கை எதையும் தொடவேண்டியதில்லை. ஊசியும் பிளேடும் திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போக வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, "அக்கா, இதுல ஊசி இருக்கு" என்று சொல்லிக் கையில் காட்டிக் கொடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடலாம். டயாபரும் நாப்கினும் தனித் தாளில் சுருட்டப்பட வேண்டும். மாடியிலிருந்து பையைத் தூக்கி வண்டிக்குள் வீசக் கூடாது. விழுந்த வேகத்தில் பை வெடித்தால் கீழே நிற்பவர் முகத்தில்தான் படும்.

கையுறை

'கையுறை கொடுத்தாகிவிட்டது' என்ற ஒற்றை வரிக்குள் எத்தனையோ விஷயம் ஒளிந்திருக்கிறது. மருத்துவமனையில் போடும் மெல்லிய லேடெக்ஸ் உறை பெட்டி பெட்டியாகக் கிடைத்தது, நன்கொடையாகக் கொடுக்கவும் எளிது. நோயாளியைத் தொடுவதற்குச் செய்த பொருள் அது. மீன் முள்ளும் தகர ஓரமும் பல்குத்தும் குச்சியும் இருக்கிற பையில் முதல் தெரு முடிவதற்குள் கிழிந்துவிடும். கிழிந்த உறை உறை இல்லாததைவிட மோசம். உள்ளே போன அழுக்கு நீர் வெளியே வர வழியின்றித் தோலோடு ஊறும்.

அடுத்தது முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் உறை. இதுதான் வேலைக்கு ஏற்றது. சிக்கல் அளவில். ஆண்களின் கைக்கு என்று ஒரே அளவில் வாங்குகிறார்கள். இந்த வேலையில் பெண்கள் ஏராளம். அளவு 7 வேண்டிய கைக்கு 9 போட்டால் விரல் நுனியில் அரை அங்குலம் ரப்பர் தொங்கும். துடைப்பக் கட்டைப் பிடி நிற்காது, வண்டிக் கைப்பிடி வழுக்கும், தாளைப் பொறுக்க முடியாது. பத்து மணி வெயிலில் உறைக்குள் வியர்வை விரல் விரலாகத் தேங்கும். ஒரு மணி நேரத்தில் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும், நாலு நாளில் விரலிடுக்கில் புண். பிறகு அவர் கழற்றி வண்டியில் மாட்டிவிடுகிறார். உடனே "கொடுத்தாலும் போட மாட்டாங்க" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். போட முடியாததைக் கொடுத்தோம் என்பதுதான் உண்மை.

அன்று நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, ஏற்ற காலணி, முகக்கவசம் ஆகியவை கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளருக்கும் கிடைப்பதை உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே இவை யாருடைய பெருந்தன்மையும் அல்ல. நன்கொடையாளர் செய்யக்கூடியது, விதி வாங்கித் தராத நுணுக்கத்தைச் சேர்ப்பது: 7, 8, 9 என மூன்று அளவு, ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று காயும்போது மற்றது கையில், உள்ளே போட மெல்லிய பருத்தி உறை, அதுவும் இரண்டு ஜோடி. வேலை முடிந்ததும் உறையைக் கழற்றாமலே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு 0.5 சதவீத ஹைபோகுளோரைட் (குளோரின் கிருமிநாசினி) கரைசலில் நனைத்து, அலசி, விரல் கீழே தொங்க நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். உறைக்குள் தண்ணீர் ஊற்றி அழுத்திப் பார்த்தால் ஊசித்துளையும் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை இதைச் செய்து, ஒழுகுகிறதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் மஸ்டர் எடுக்கும் இடத்தில் ஒரு குழாய், சோப்பு, ஒரு கொடிக்கயிறு வேண்டும். பல நன்கொடைகள் சானிடைசர் பாட்டிலாக வந்தன. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. 40 முதல் 60 வினாடி சோப்பும் தண்ணீரும்தான் வழி. ஒரு தெருக்குழாயும் ஒரு சோப்பும் இருபது சானிடைசர் பாட்டிலைவிடப் பயன் தரும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீர், நிழல், கழிப்பறை

ஊரடங்கில் டீக்கடை மூடியது நமக்கு ஒரு சின்ன வசதிக் குறைவு. தெருவில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் குடிநீர், உட்கார ஒரு பெஞ்ச், பின்பக்கம் ஒரு கழிப்பறை என மூன்றும் ஒரே நாளில் மறைந்தன. தமிழ்நாட்டில் டீக்கடைகள் பார்சலுக்காகத் திறந்தது மே 11-ல்தான். கடும் வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறை இல்லாததால் பெண்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அதன் பலன் சிறுநீர்த் தொற்று, மயக்கம், தசைப்பிடிப்பு. மேலே பிளாஸ்டிக் கவச உடையும் போட்டால் வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடல் சூடு ஏறும். குப்பை சேகரிப்புக்கு முழு உடல் பிளாஸ்டிக் தேவையில்லை; முழுக்கைப் பருத்திச் சீருடை, ஏப்ரன், கையுறை, முகக்கவசம், மூடிய காலணி போதும். துணிக் கவசம் வியர்வையில் நனைந்ததும் மூச்சை அடைக்கும், மாற்றியாக வேண்டும். ஷிப்டுக்கு இரண்டாவது கவசம் கையில் இல்லையென்றால் முதல் கவசம் பத்து மணிக்கே தாடைக்கு இறங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தூய்மைப் பணியில் இருப்போரில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். 'தள்ளி நில்' என்பது 2020-ல் மருத்துவ அறிவுரை; அதே சொல் இந்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேறு பொருளில் சொல்லப்பட்டது. ஆறடி தள்ளி நிற்கச் சொன்னது நோய்க்கா, சாதிக்கா என்று எப்படிப் பிரித்தறிவது? நோய்க்கான இடைவெளி இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்: சொல்பவரும் கவசம் போட்டிருப்பார், எல்லா விருந்தாளிக்கும் அதே தூரம்தான். சாதிக்கான இடைவெளியில் வீட்டுக்காரர் கவசமின்றி நிற்பார், பணியாளர் மட்டும் விலக வேண்டும். தண்ணீர் தனி டம்ளரில் வரும், இல்லையென்றால் உயரத்திலிருந்து கையில் ஊற்றப்படும். தண்ணீர் கொடுக்க விரும்புகிற வீடு மூடியுள்ள பாட்டிலை நிரப்பி வாசல் திண்ணையில் வைக்கலாம். கீழ்த்தளக் கழிப்பறையைக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடலாம். அடுக்குமாடிகளில் காவலாளிக்கென்று ஒரு கழிப்பறை ஏற்கெனவே இருக்கும். அதன் சாவி கொடுப்பது பூமாலையைவிடப் பெரிய மரியாதை.

தெளிப்பான்

நெருக்கடி நாட்களில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்டது முதுகில் 16 லிட்டர் தெளிப்பானைச் சுமந்து போன பணியாளரைத்தான். கணக்கு இது: கடையில் 5 சதவீதமாக வரும் சோடியம் ஹைபோகுளோரைட்டிலிருந்து 1 சதவீதம் எடுக்க ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், 16 லிட்டர் தொட்டிக்கு 3.2 லிட்டர் மருந்து, 12.8 லிட்டர் தண்ணீர். கையுறைக்கான 0.5 சதவீதத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது. 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம், ஒரு தொட்டிக்கு 480 கிராம்; கலக்கித் தெளியவைத்து, துணியில் வடிகட்டாவிட்டால் சுண்ணாம்பு நாசிலை அடைக்கும். அடைத்த நாசிலை வாயால் ஊதிப் பார்ப்பது கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும். வாய் திறந்த மூட்டையில் ஈரம் ஏறினால் பவுடரின் வீரியம் போய்விடும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. கழிப்பறை ஆசிட் இருந்த வாளியில் கலக்கினால் குளோரின் வாயு எழும்பும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும்.

இத்தனை பாடுபட்டுத் தெருவில் தெளித்ததால் என்ன பலன்? மண்ணும் அழுக்கும் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் தெருக்களில் தெளிப்பதை உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதம் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. ஆள்மேல் தெளிப்பதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது என்றது. அதற்கு முன்பே ஏப்ரல் முதல் வாரத்தில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைந்து, பல ஊர்களுக்கும் பரவி, பிறகு தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் அதையே சொன்னது. கண்ணுக்குத் தெரிகிற வேலையைக் கேட்டுக் கேட்டு வாங்கினோம். அதற்கு நுரையீரல் கொடுத்தவர் தெளிப்பானைச் சுமந்தவர். கைப்பிடி, லிப்ட் பொத்தான், பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆகியவற்றைத் துணியில் நனைத்துத் துடைப்பதற்கு அதே மருந்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

தாள்கள்

பஸ்ஸும் புறநகர் ரயிலும் நின்ற மாதங்களில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு வேலைக்கு வருவதே ஒரு வேலை ஆகிவிட்டது. அத்தியாவசியப் பணியாளருக்கென்று சிறப்புப் பஸ்கள் ஓடின. ஏற அடையாள அட்டை கேட்கப்பட்டது. அட்டை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பஸ் ஓடியும் ஓடாததுதான். சென்னையில் பொதுமக்களுக்கான பஸ் செப்டம்பர் 1-ல்தான் திரும்பியது.

காப்பீட்டிலும் இதே கதை. 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு சுமார் 22 லட்சம் சுகாதாரப் பணியாளருக்கு 50 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு அறிவித்தது, மார்ச் 30 முதல் நடப்புக்கு வந்தது. மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர் அதில் உண்டு. வார்டில் குப்பை வாங்குகிறவர்? கொரோனா நோயாளியின் பராமரிப்புக்கென்று கோரிப் பெறப்பட்ட உள்ளாட்சி ஊழியர், ஒப்பந்த ஊழியர், தினக்கூலி ஆகியோர் வரலாம் என்று விதி இருந்தது. முழு எடையும் அந்தக் 'கோரிப் பெறப்பட்ட' என்ற சொல்லின்மேல் நின்றது. இன்னாரை இன்ன தேதியிலிருந்து கொரோனாப் பணிக்கு அனுப்பினோம் என்று ஒரு உத்தரவு தாளில் இருக்க வேண்டியிருந்தது. வாய்மொழியாக "நீ அந்தக் கன்டெய்ன்மென்ட் தெருவுக்குப் போ" என்று அனுப்பப்பட்டவருக்கு அந்தத் தாள் இல்லை.

உரிமை கோரும்போது கேட்கப்பட்டவை: இறந்தவர், வாரிசு இருவரின் அடையாளச் சான்று, உறவுச் சான்று, தொற்று உறுதியான ஆய்வக அறிக்கை, மருத்துவமனையின் இறப்புச் சுருக்கம், இறப்புச் சான்றிதழ், பணியில் இருந்ததற்கும் நோயாளிகளோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டிருக்கலாம் என்பதற்கும் நிறுவனத்தின் சான்று. வீட்டிலேயே மூச்சுத் திணறி, பரிசோதனைக்கு முன் இறந்தவரின் குடும்பத்திடம் ஆய்வக அறிக்கை இருக்காது. மஸ்டரில் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி', ரேஷன் அட்டையில் 'செல்வி' என்றிருந்தால் மூன்றையும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவே மாதங்கள் ஓடும்.

ஒப்பந்தப் பணியாளரின் குடும்பத்துக்கு உண்மையில் தோள் கொடுக்கக்கூடியவை, யாரும் கை தட்டாத இரண்டு எண்கள்: தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. எண்ணும், வருங்கால வைப்பு நிதிக்கான பி.எஃப். யூ.ஏ.என். எண்ணும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். 2021 ஜூனில் இ.எஸ்.ஐ. கழகம் கொண்டுவந்த கொரோனா நிவாரணத் திட்டம், தொற்றால் இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதத்தை மாதந்தோறும் பிரித்துத் தந்தது. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பி.எஃப். உறுப்பினருக்கான இ.டி.எல்.ஐ. காப்பீட்டின் உச்சவரம்பு 2021-ல் 7 லட்சமாக உயர்ந்தது. அதற்குக் காரணம் கொரோனாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பணியில் இருக்கும்போது இறந்தால் போதும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இரண்டும் கைக்கு வருவது சிக்கலாகிவிடும். நியமனதாரர் பெயரைப் பதியாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் அலைய வேண்டும். படித்த இளைஞர் ஒருவர் ஒரு மதியம் உட்கார்ந்தால், ஒரு வார்டுப் பணியாளர் இருபது பேரின் பி.எஃப். கணக்கைத் திறந்து, மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா, நியமனதாரர் பதிவாகியிருக்கிறாரா, பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

நன்றி உடம்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்த ஒரு தருணமும் இருக்கிறது. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியபோது டெல்லி எய்ம்ஸில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் அங்கே வேலை செய்த ஒரு தூய்மைப் பணியாளர். பிப்ரவரி தொடக்கத்திலேயே நகராட்சிப் பணியாளர் உள்ளிட்ட முன்களப் பணியாளருக்கும் ஊசி வந்தது. அறுபது வயதுக்காரருக்கே மார்ச் 1-ல்தான் முறை வந்தது என்பதை நினைத்தால் அந்த வரிசையின் மதிப்பு புரியும். ஆனால் அதற்கும் பெயர்ப் பட்டியலை நிர்வாகம் முன்கூட்டியே கோவின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளரின் பெயரும் எண்ணும் அலுவலகக் கணினியில் ஏற்கெனவே இருக்கும். ஒப்பந்த ஆளின் பெயர் நிறுவனத்திடம், மாறிக்கொண்டே இருக்கும் மஸ்டரில். அவர்களை விடாமல் சேர்க்க ஒரே வழி, மண்டலப் பட்டியலை நிறுவனத்தின் அந்த மாதச் சம்பளப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுவது. செல்போன் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி வராது, மேஸ்திரி வாயால் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்ற பயத்தில் வரிசைக்கே வராதவருக்கு, அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் ஒன்று நன்றி விழாவுக்குப் பணம் திரட்டியிருந்தால், சால்வை வாங்கப் போகும் முன் தங்கள் தெருவுக்கு வருகிற நாலு பேரிடமும் பெயரைக் கேட்டு, கை அளவு 7-ஆ 8-ஆ என்று குறித்துக்கொண்டு வரட்டும்.